தையல்நாயகி கல்லும் அமெரிக்க இரும்புப் பலகைகளும்

முப்பத்திரண்டு வருஷம் ரோட்டோரத்திலேயே நின்று வேலை பார்த்தவனை விமானத்தில் உட்கார வைத்து, ஒரு நாள் பூராவும் தரையே கண்ணில் படாமல் கொண்டுபோனால் என்ன ஆகும்? எனக்குக் கால் இரண்டும் வீங்கிப்போயின. இறங்கியதும் முதல் வேலையாக மாப்பிள்ளையின் காருக்குப் பக்கத்தில் நின்று தார் ரோட்டைச் செருப்புக் காலால் தட்டிப் பார்த்தேன். நல்ல ரோடுதான்.

புவனகிரி பக்கம் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மகள் தேன்மொழிக்கு ஏழு மாதம். பிரசவத்துக்கு ஒத்தாசையாக நானும் என் மனைவி அஞ்சலையும் 2010ஆம் வருஷம் ஆடி கழிந்ததும் கிளம்பினோம். மாப்பிள்ளை பிரபு மங்கலம்பேட்டைக்காரர், கம்ப்யூட்டர் உத்தியோகம். ஒஹையோ மாநிலத்தில் ஒரு கவுண்டியில் வீடு. கவுண்டி என்றால் நம் கணக்குக்கு ஒரு தாலுகா, கொஞ்சம் பெருத்த தாலுகா.

கிளம்புகிற அன்று காலையில் அஞ்சலை ஒரு சண்டை போட்டாள். "ஏங்க, பொண்ணு புள்ளத்தாச்சியா இருக்கறா. அந்தக் கல்ல வெச்சுட்டு வந்துடுங்களேன்" என்றாள். "வாயக் கழுவு, ஏரோப்ளேனுக்கு நேரமாவுது" என்று வாயை அடைத்துவிட்டேன்.

அது என்ன கல் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளாற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில் சுமைதாங்கிக் கல் ஒன்று நின்றது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருப்பார்கள். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் பேரில், அவள் இறக்கிவைக்காமல் போன சுமைக்காக, போகிற வருகிறவர்கள் தலைச்சுமையை இறக்கிவைக்கட்டும் என்று அவள் வீட்டார் நட்டது. படுக்கைக் கல்லில் 'தையல்நாயகி' என்று மட்டும் வெட்டியிருக்கும். 2005இல் வளைவை நிமிர்த்தி ரோட்டை அகலப்படுத்தியபோது அதைப் பெயர்த்தவன் நான். அந்தப் பெண்ணின் தம்பி மகன் கோவிந்தசாமி, விவசாயி, ஓடி வந்தார். "சார், வேலை முடிஞ்சதும் வெச்சுடுவீங்கல்ல? எங்க அத்தைக் கல்லு சார்" என்றார். "வெச்சுடறோம்யா, எங்க போயிடப் போவுது" என்றேன்.

கல் எங்கும் போகவில்லை. எங்கள் ஆபீஸ் காம்பவுண்டில், தார் டிரம்களுக்குப் பின்னால் கிடந்தது. கோவிந்தசாமி மூன்று தடவை வந்து கேட்டார். மூன்று தடவையும் "எஸ்டிமேட்ல வரல" என்று தட்டிக் கழித்தேன். அப்புறம் அவர் வருவதை நிறுத்திவிட்டார். அவர் வராதது எனக்கு நிம்மதியாக இருந்தது என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம்.

இரண்டாம் நாள் காலை நடைபோனேன். தெருவில் ஈ காக்கை கிடையாது. மூன்று தெரு தாண்டி ரோட்டு முனையில், ஆள் உயரத்துக்கு மேல் இரும்புக் கம்பத்தில் ஒரு பலகை. ஏதோ வேக அளவுப் பலகை என்று கிட்டப் போனால், அடேயப்பா, ஒரு பக்கக் கதை! எழுத்தைக் கூட்டி வாசித்தேன். இந்த இடத்தில் ஒரு மாவு மில் இருந்ததாம். தீப்பிடித்ததாம். மறுபடி கட்டினார்களாம். மறுபடியும் தீப்பிடித்ததாம். அவ்வளவுதான். மில்லும் இல்லை, அது இருந்ததற்கு ஒரு செங்கல் அடையாளமும் இல்லை.

வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "அது வரலாற்றுப் பலகை மாமா. இந்த ஊர்ல ரோட்டுக்கு ரோடு இருக்கும். காருல போறவன் ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான்."

"நான் பாக்கறேன் மாப்ள" என்றேன்.

அன்று பிடித்தது பைத்தியம். கடைக்குப் போனாலும், டாக்டரம்மாவிடம் போனாலும், பலகை கண்ணில் பட்டால் "மாப்ள, நிறுத்துங்க" என்பேன். அஞ்சலை தலையில் அடித்துக்கொள்வாள். "ஊர்ல இருந்தப்பவும் ரோட்டுக் கல்லுதான், இங்க வந்தும் ரோட்டுக் கம்பம்தானா? ஊட்டுல இருக்கறவங்க மூஞ்சிய எப்பங்க பாப்பீங்க?" தேன்மொழி மட்டும் என் கட்சி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, பலகைக்குப் பக்கத்தில் என்னை நிற்க வைத்துப் படம் எடுப்பாள்.

ஒரு பலகையில், பதினேழு பிள்ளைகள் படித்த ஒற்றை அறைப் பள்ளிக்கூடம். அதில் வாத்தியாரம்மா ஓடையில் இறங்கி நடந்து வந்து பாடம் நடத்தினாள் என்று இருக்கிறது. இன்னொன்றில், நீதிபதி ஒருவர் மரத்தடியில் உட்கார்ந்து வழக்கு விசாரித்தாராம். மரம் புயலில் விழுந்துவிட்டது, பலகை நிற்கிறது. இதற்கெல்லாம் பலகை வைப்பதென்றால், சிதம்பரத்தில் ஆரம்பித்தால் எங்கே போய் முடியும்? கீழவீதியில் தேர் திரும்ப இடம் இருக்காது. கோயில் மதிலில் ஆயிரம் வருஷத்துக் கல்வெட்டு. அதன் மேல் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுத்தான் நானும் எத்தனையோ நாள் பூ வாங்கப் போயிருக்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எந்தப் பலகையிலும் திறந்துவைத்தவர் பெயர் இல்லை. நான் சுற்றிச் சுற்றி வந்து பின்பக்கம்கூடப் பார்த்தேன். தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்துரை வழங்கியவர் ஒருத்தரும் கிடையாது. எங்கள் பக்கத்தில் ஒரு பஸ் நிழற்குடைக்குக் கல் வைத்தோம். எட்டுப் பேர் உட்காரும் நிழற்குடை, கல்லில் பதிமூன்று பெயர். ஒருத்தர் பெயருக்கு முன்னால் 'திரு' விட்டுப்போய்விட்டது என்று கல்லையே மாற்ற வைத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை எங்களைக் கவுண்டியின் தலைநகருக்கு அழைத்துப்போனார். நடுவில் மணிக்கூண்டு வைத்த கோர்ட்டுக் கட்டடம், சுற்றிலும் கடைகள். பழைய சாப்பாட்டுக் கடை ஒன்றில் உட்கார்ந்தோம். பரிமாற வந்த அம்மாளுக்கு என் வயது இருக்கும். "உனக்கு என்ன வேணும் கண்ணு?" என்ற மாதிரி ஒரு வார்த்தை சொல்லி என்னிடம் கேட்டாள். மாப்பிள்ளை மொழிபெயர்த்ததும் அஞ்சலை என்னை ஒரு பார்வை பார்த்தாள். தடித்த தோசை மாதிரி ஒன்று வந்தது. அதன் மேல் மரத்திலிருந்து வடித்த பாகை ஊற்றிச் சாப்பிட வேண்டுமாம். நான் மூன்று சாப்பிட்டேன். அஞ்சலை கைப்பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாயை எடுத்து, பாகு படாத ஓரமாகத் தொட்டுக்கொண்டாள். அந்த அம்மாள் அதை எட்டிப் பார்த்து, விரலால் தொட்டு நக்கி, கண்ணை இறுக்க மூடி, "ஆண்டவரே!" என்றாள். கிளம்பும்போது மிச்ச ஊறுகாயை ஒரு காகிதக் கிண்ணத்தில் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மாப்பிள்ளையை எத்தனை நாள்தான் தொந்தரவு செய்வது? பத்து மைலுக்கு அப்பால் பழைய கிணறு ஒன்றுக்குப் பலகை இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு புதன்கிழமை நானே கிளம்பிவிட்டேன். கவுண்டி பஸ் ஒன்று உண்டு. மாப்பிள்ளை முந்தின நாள் போன் செய்து சொல்ல, வீட்டு வாசலுக்கே வந்தது. பஸ்ஸில் நானும் டிரைவரும்தான். புவனகிரி பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கியே பழகியவனுக்கு இருபது சீட்டும் சொந்தம் என்றால் எதில் உட்காருவது என்று தெரியவில்லை. இரண்டு தடவை இடம் மாறினேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "எல்லா சீட்டும் ஒரே மாதிரிதான் ஐயா" என்றார்.

இறங்கும்போது, திரும்ப எப்போது வருவாய் என்று கேட்டேன். "நீங்கள் போன் செய்தால் வருவேன்" என்றார். "இன்றைக்கு?" "இன்றைக்குச் செய்தால் நாளைக்கு." என்னிடம் போனும் இல்லை. நான் விழிப்பதற்குள் பஸ் போய்விட்டது. இரண்டு பக்கமும் சோளக் கொல்லை. மாட்டிக்கொண்டாயா மகனே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தூரத்தில் ஆரஞ்சு சட்டை தெரிந்தது. ரோட்டு வேலைக்காரர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். நடந்து போனேன். ஐம்பது வயதுப் பெண், தலையில் மஞ்சள் தொப்பி, பக்கத்தில் கவுண்டி லாரி. பெயர் டெபி என்றாள். அவள் கழற்றிக்கொண்டிருந்தது நான் பார்க்க வந்த பலகையையே!

"ஏன் எடுக்கிறாய்?" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன்.

"ரோடு அகலமாகிறது. முடிந்ததும் திரும்ப வைப்போம்."

எனக்குச் சுருக்கென்றது. இதே வார்த்தையை நான் தமிழில் சொன்னவன். ஆனால் அவள் அதோடு விடவில்லை. பலகையைக் கம்பளியில் சுற்றினாள். கம்பம் நின்ற குழியிலிருந்து, ரோட்டோரம் இருந்த சின்ன மாதாகோயிலின் மூலைக்கல் வரைக்கும் டேப்பைப் பிடித்து அளந்தாள். டேப்பின் மறுமுனையை நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். பிறகு மதகு வரைக்கும். பிறகு எதிர்வீட்டு வேலிக்கம்பம் வரைக்கும். மூன்றையும் நோட்டில் எழுதி, ஒரு சீட்டிலும் எழுதிப் பலகையில் கட்டினாள்.

"இத்தனை எதற்கு? உனக்குத்தான் இடம் தெரியுமே?"

"அன்றைக்கு நான் லீவில் இருந்தால் வேறு எவனாவது வைக்க வேண்டுமே" என்றாள்.

லாரியில் என்னை ஏற்றிக்கொண்டாள். பலகை எங்கள் இருவருக்கும் நடுவில். அந்தக் கிணற்று வீட்டுக்காரர்கள் வண்டியில் போகிறவர்களுக்கெல்லாம் தண்ணீர் இறைத்துக் கொடுத்தவர்களாம். அதைச் சொல்லிவிட்டு, "உங்கள் ஊரிலும் இப்படி உண்டா?" என்று கேட்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். சுமைதாங்கியைப் பற்றிச் சொன்னேன். கையால் தோள் உயரம் காட்டினேன். தலைச்சுமைக்காரன் இன்னொருத்தர் கையை எதிர்பார்க்காமல் தானே இறக்கி, தானே ஏற்றிக்கொள்ளலாம் என்றேன். தையல்நாயகி என்ற பெயரையும் சொன்னேன். அவள் அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"அந்தக் கல் இப்போதும் அங்கே நிற்கிறதா?"

"நிற்கிறது" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியாது. யாரோ ஒருத்தி, இனிமேல் பார்க்கப் போவதில்லை, அவளிடம்கூட நல்லவனாக இருக்க வேண்டும் எனக்கு. வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது, "அந்தக் கல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக் கைகொடுத்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த வாரம், எட்டு மாதம் முடிய இன்னும் நாள் இருக்கையில், காலையில் எழுந்த தேன்மொழிக்கு முகமெல்லாம் வீங்கியிருந்தது. தலை வலிக்கிறது என்றாள். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தக் கொதிப்பு ஏகத்துக்கு ஏறியிருக்கிறது, பிள்ளையை உடனே எடுக்க வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளையை உள்ளே விடுவதற்கு முன்னால் எங்கள் மூன்று பேரையும் ஓர் அறையில் உட்கார வைத்தார்கள்.

அஞ்சலை அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "எத்தினி தடவ சொன்னேன். அந்தக் கல்ல வெச்சுட்டு வாங்கன்னு எத்தினி தடவ சொன்னேன்."

சாமி, சாபம் எதையும் நம்பாதவன் என்று சர்வீஸ் பூரா மார்தட்டியவன் நான். வேப்பமரத்தை வெட்ட ஆள் பயந்தபோது கோடாலியை நானே வாங்கி முதல் வெட்டு வெட்டியவன். அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து, "தாயே, தையல்நாயகி" என்று முணுமுணுத்தேன்.

"எந்தக் கல்லு மாமா?" என்றார் மாப்பிள்ளை.

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். எஸ்டிமேட் பொய்யையும், லாரியில் டெபியிடம் சொன்ன பொய்யையும் சேர்த்து. பெண்டாட்டி உள்ளே கிடக்கிற நேரத்தில் என் கதையை எதற்குக் கேட்க வேண்டும் என்று அவர் எழுந்துபோயிருக்கலாம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தேனுக்கு அந்தக் கல்லால ஒண்ணும் ஆவாது மாமா. அந்த அம்மாவுக்கு இந்த மாதிரி ஆஸ்பத்திரி இருந்திருந்தா அந்தக் கல்லே வந்திருக்காது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆனா வெக்கறேன்னு சொன்னது சொன்னதுதான் மாமா" என்றார்.

அவரை உள்ளே கூப்பிட்டார்கள். அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ கழித்து, ஒரு நர்சு வந்து இரண்டு கையையும் கொஞ்சமாக விரித்து இவ்வளவுதான் என்று காட்டினாள். பெண் குழந்தை. தாய்க்கும் ஆபத்தில்லை. அஞ்சலை அப்போதுதான் அழுதாள். நான் அந்த நர்சைக் கும்பிட்டேன். அவளும் பதிலுக்குக் கைகூப்பினாள். பேத்தி பதினோரு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். பதினோரு நாளும் நான் ஒரு பலகையையும் போய்ப் பார்க்கவில்லை.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின வாரம், பிள்ளைக்குச் சாமான் வாங்கப் போன வழியில் கிணற்றுப் பலகை இருந்த இடம் வந்தது. நான் வாய் திறக்காமலேயே மாப்பிள்ளை காரை ஓரம் கட்டினார். ரோடு அகலமாகிப் புதுத் தார் மினுமினுத்தது. பலகை திரும்ப நின்றது. இறங்கிப்போய் மாதாகோயில் மூலைக்கல்லிலிருந்து கால் வைத்து அளந்தேன். டெபி நோட்டில் எழுதிய அளவுக்கு ஓர் அடி பிசகவில்லை.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் ஆபீசுக்குப் போனேன். என் இடத்தில் இருக்கும் புது ஆய்வாளர் நல்ல பையன். "எடுத்துக்கினு போங்க சார், எங்களுக்கும் இடம் ஆவும்" என்றார். படுக்கைக் கல்லும் ஒரு நடுகல்லும் புல்லுக்குள் கிடந்தன. இன்னொரு நடுகல் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. செங்கல் வாங்கி அடுக்கி, அதை உருவி எடுத்தேன். டிராக்டர் பேசிவிட்டுக் கோவிந்தசாமி வீட்டுக்குப் போனேன்.

அவர் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை நிறுத்தாமல் கேட்டார்: "என்னா சார், எஸ்டிமேட்ல வந்துட்டுதா?"

"தப்புதான்யா. கல்ல எடுத்துக்கினு வந்திருக்கறேன்" என்றேன். "எடம்தான் எனக்குச் சரியா ஞாபகம் இல்ல. வளைவே போயிட்டுது."

அவர் மாட்டுக் கொட்டகைக்குள் போய், கூரையில் செருகியிருந்த ஒரு கயிற்றை எடுத்து வந்தார். நடுவில் ஒரு முடிச்சு. "நீ பேத்துக்கினு இருந்தப்பவே அளந்து வெச்சுட்டேன். ஒரு முனை மதகு, மறு முனை எங்க கொல்லை வேலிக்கல்லு. முடிச்சு விழற எடம்தான் கல்லு." அவ்வளவுதான் சொன்னார். அந்தக் கயிறு புகையில் கறுத்திருந்தது.

மறுநாள் காலை கொத்தனாரோடு போனோம். கயிற்றைப் பிடித்தோம். முடிச்சு, புது ரோட்டுக்கு வெளியே, மண் ஓரத்தில்தான் விழுந்தது. அந்தக் கல்லை நான் எடுத்திருக்கவே வேண்டியதில்லை. கோவிந்தசாமியும் அதைப் பார்த்தார், பார்த்துவிட்டுக் கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார்.

ரோடு போட்டுப் போட்டு ஓரமும் ஒன்றரை அடி உயர்ந்திருந்தது. எவ்வளவு ஆழம் நடுவது என்று கொத்தனார் கேட்டார். சுமையோடு ஒரு ஆள் நின்றால்தான் உயரம் தெரியும். அந்தப் பக்கம் இப்போது யார் தலைச்சுமை கொண்டுபோகிறார்கள்? எல்லாம் மொபெட்டில்தான் போகிறது.

"நீயே நில்லு சார்" என்றார் கோவிந்தசாமி.

துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்தார். கொத்தனாரும் அவருமாக அரை மூட்டை மணலைத் தூக்கி என் தலையில் வைத்தார்கள். கழுத்து உள்ளே இறங்கியது. கொத்தனார் நடுகல்லை நிறுத்துவதும், கல் திணிப்பதும், படுக்கைக் கல்லை ஏற்றி மட்டம் பார்ப்பதும், கோவிந்தசாமி "இன்னும் ஒரு விரக்கடை ஏத்து" என்பதுமாக நேரம் போனது. காதோரம் வியர்வை வழிந்தது. போகிற வண்டிக்காரர்கள் மெதுவாக்கி வேடிக்கை பார்த்தார்கள்.

"சீக்கிரம்யா, கழுத்து ஒடியுது" என்றேன்.

கோவிந்தசாமி என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. "அஞ்சு வருசம் நான் நின்னேன். நீ அஞ்சு நிமிசம் நில்லு சார்" என்றார்.

நின்றேன்.

கொத்தனார் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். கோவிந்தசாமி படுக்கைக் கல்லைத் தன் துண்டால் துடைத்துவிட்டு, "எறக்கு" என்றார். கல்லுக்கு நேராகத் திரும்பி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கினேன். யார் கையும் படாமல் மூட்டை தானாகக் கல்லின் மேல் வழுக்கிப் போய் உட்கார்ந்தது. என் முகத்துக்கு நேராகத் தையல்நாயகியின் பெயர். அதைப் பார்த்துக்கொண்டு, நடு ரோட்டோரத்தில், கிழவன் நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

கோவிந்தசாமி பக்கத்தில் வந்து நின்றார்.

"உயரம் சரியா இருக்குதா சார்?"

"சரியா இருக்குதுய்யா" என்றேன்.